ஆறாம் இலக்கும் விக்னேஸ்வரி வீட்டுக் குழாயும்

விக்னேஸ்வரி எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து மண்டோர். வயது ஐம்பத்து மூன்று. அவளுக்குக் கீழே இருபத்திரண்டு ஆட்கள் வேலை செய்கிறார்கள். அதில் தமிழர்கள் நான்கு பேர், மிச்சம் நேப்பாளிகளும் வங்காளதேசிகளும். அவர்களிடம் அவள் பாதி மலாயில் பேசுவாள், பாதி கையால் பேசுவாள். கொழுந்து வெட்டும் மெஷினின் இரைச்சலில் மலாயும் எடுபடாது. அவள் கையைத் தூக்கினால் வரிசை நிற்கும், இறக்கினால் நகரும்.

முன்பெல்லாம் அவள் பெரிய வாயாடி. நான் இந்தத் தோட்டத்தில் இருபத்தொன்பது வருடமாக டிரசர். டிரசர் என்றால் டாக்டர் என்று நினைத்துவிட வேண்டாம். காய்ச்சலுக்கு மாத்திரை கொடுப்பேன், வெட்டுக்காயத்துக்குக் கட்டுப் போடுவேன், என்னால் முடியாததைத் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதி அனுப்புவேன். "டிரசரய்யா ஊசி போட்டா வலிக்காதுலா, ஒரு வாரத்துக்குக் கை மட்டும் தூக்க வராது" என்று காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் அத்தனை பேர் முன்னாலும் சொல்லிச் சிரிக்க வைப்பாள். இப்போது அவள் யாரையும் கேலி செய்வதில்லை. அழுவதும் இல்லை. கையைத் தூக்குகிறாள், இறக்குகிறாள், வீட்டுக்குப் போகிறாள்.

தோட்டத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை. ரிங்லெட்டிலிருந்து உள்ளே ஏழு கிலோமீட்டர், அது போதும். பெயர் தெரிந்து யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை, எனக்குத்தான் தொந்தரவு. லயத்தில் நாற்பத்தொரு வீடுகள். குழாய் இருக்கிறது. மேலே ஓடையில் ஒரு தொட்டி கட்டி, அங்கிருந்து பைப் வழியாகத் தண்ணீர் வருகிறது. வெள்ளைக்காரன் காலத்துத் தொட்டி. பத்து வருடத்துக்கு முன்பு வரை அந்தத் தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஓடைக்கு மேலே யாரோ காய்கறி போட மலையை வெட்டினார்கள். அதிலிருந்து மழை பெய்தால் குழாயில் மண் வருகிறது. எல்லா வீட்டுக் குழாயின் வாயிலும் துணி கட்டியிருக்கும். துணியில் வடிகட்டி, டிரம்மில் பிடித்து, படிகாரத்தைச் சுற்றி விட்டு, மண் அடியில் தங்கிய பிறகு மேல் தண்ணீரை மொண்டு கொள்வோம். குளிக்க, துவைக்க, ஆக்க எல்லாவற்றுக்கும் அதுதான்.

மற்ற வீடுகளுக்கு இது தொல்லை. விக்னேஸ்வரி வீட்டுக்கு இது உயிர்ப் பிரச்சினை.

அவள் கணவன் அமிர்தலிங்கம் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் மெஷினில் நின்றவன். என் வயதுக்காரன், என் சீட்டாட்டக் கூட்டாளி. இனிப்பு நீர் வியாதி அவனுடைய இரண்டு கிட்னியையும் தின்றுவிட்டது. வாரம் மூன்று நாள் டவுனுக்குப் போய் ரத்தம் சுத்தப்படுத்தும் மெஷினில் படுத்து வர வண்டிக்கு வழியில்லை, மழைக்காலத்தில் ரோடும் இருக்காது. அதனால் வீட்டிலேயே செய்கிற முறையைக் கொடுத்தார்கள். வயிற்றில் ஒரு குழாய் வைத்து, பையிலிருக்கும் மருந்துத் தண்ணீரை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து வடித்து எடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு தடவை. ஒவ்வொரு தடவையும் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுச் சுத்தமான தண்ணீரில் கை கழுவிய பிறகுதான் அந்தக் குழாயைத் தொட வேண்டும். அழுக்குப் பட்டால் வயிற்றுக்குள் சீழ் பிடிக்கும். சொல்லிக் கொடுத்த தாதி விக்னேஸ்வரியிடம் மூன்று தடவை கேட்டாளாம்: "வீட்டுத் தண்ணி சுத்தமா?" இவள் சுத்தம்தான் என்று சொல்லிவிட்டு வந்தாள். இல்லை என்று சொல்லியிருந்தால் அந்த முறையே கிடைத்திருக்காது.

சொன்ன சொல்லுக்காக அவள் நான்கு வேளை தண்ணீர் கொதிக்க வைத்தாள். காலை ஐந்து, பகல் பன்னிரண்டு, மாலை ஐந்து, இரவு ஒன்பது. படிகாரம் போட்டுத் தெளிந்ததை மறுபடி துணியில் வடித்து, கொதிக்க விட்டு, தட்டால் மூடி ஆற வைப்பாள். பகல் பன்னிரண்டுக்கு மலையிலிருந்து இறங்கி வருவதற்கு மானேஜர் துரையிடம் தனியாகப் பெர்மிஷன் வாங்கியிருந்தாள். மூன்று வருடம் இப்படியே ஓடியது. மூன்று வருடத்தில் இரண்டு தடவை சீழ் பிடித்தது, இரண்டு தடவையும் மருந்தில் அடங்கியது. மூன்றாவது தடவை வந்தால் கஷ்டம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மெயின் ரோட்டோடு போகிற சுத்தமான பைப் தண்ணீர் எங்கள் லயத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் தூரத்தில்தான் இருந்தது. அது உள்ளே வந்தால் அமிர்தலிங்கம் இருப்பான். வராவிட்டால் எத்தனை நாள் என்று சொல்ல முடியாது. விஷயம் அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில்தான் அரசாங்கத் தலைமை ஆபீசுகள் இருக்கும் புத்ராஜெயாவிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி சிவசாமி சொன்னார். உலக நாடுகள் எல்லாம் சேர்ந்து பதினேழு இலக்கு வைத்திருக்கின்றனவாம். பசி, படிப்பு, தண்ணீர் என்று வரிசையாக. ஆறாவது இலக்கு தண்ணீர். ஒவ்வொரு நாடும் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று நியூயார்க்கில் எழுந்து நின்று சொல்ல வேண்டும். அதற்கு நம் நாடு என்ன பேசலாம், என்ன கேட்கலாம் என்று தயார் செய்கிறவர்கள் சில இடங்களை நேரில் பார்க்க வருகிறார்கள், அதில் எங்கள் லயமும் ஒன்று. கேள்விகள் அடங்கிய போராங் ஒன்று முன்கூட்டியே ஆபீசுக்கு வந்திருந்தது. அறுபத்திரண்டு கேள்விகள், எல்லாம் மலாயில்.

இங்கே நான் என் குற்றத்தைச் சொல்லியாக வேண்டும்.

தோட்டத்தில் லைன் செக்கிங் என்று ஒன்று உண்டு. மாதத்துக்கு ஒரு தடவை துரையும் டிரசரும் லயத்தைச் சுற்றி வருவார்கள். கால்வாய் சுத்தமா, அடுப்படி சுத்தமா, டிரம்மில் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சுத்தமாக வைத்திருக்கும் வீட்டுக்கு ஒழுகுகிற கூரைத் தகரத்தை முதலில் மாற்றிக் கொடுப்பார்கள், தீபாவளிக்குச் சுண்ணாம்பு முதலில் கிடைக்கும். அசிங்கமாக வைத்திருந்தால் வசவுதான், தகரமும் கிடையாது. தகரம் ஒழுகுவதால்தான் வீடு அசிங்கமாக இருக்கிறது என்று சொன்னால் எடுபடாது. இருபத்தொன்பது வருடம் அந்த நோட்டுப் புத்தகத்தில் டிக் போட்டவன் நான்தான். நல்லபடியாகக் காட்டு, பிறகு கேள், கொடுப்பார்கள் என்பதை இந்த லயம் என் பேனாவிலிருந்துதான் கற்றுக்கொண்டது.

ஆகவே அறுபத்திரண்டு கேள்விகளையும் நாங்கள் பரீட்சைக் கேள்வித்தாளாகத்தான் பார்த்தோம். எல்லாவற்றுக்கும் சரி வாங்க வேண்டும். குறை இருக்கிற இடத்தைக் கண்டுபிடிக்க வருகிறவர்கள் இருப்பார்கள் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. படித்தவன் என்று பெயர்.

கோயில் முன்னால் கூட்டம் போட்டபோது விக்னேஸ்வரிதான் முன்னால் நின்றாள். "கவர்மெண்டு ஆளுங்க நம்ம வாசலுக்கு வர்றாங்க. பாத்தவுடனே மனசு நெறையணும். மனசு நெறஞ்சா பைப்பு என்ன, ரோடே போட்டுக் குடுப்பாங்க. டீ குடிக்க உக்காருவாங்கல்ல, அப்ப கிராணியய்யா லெட்டரக் குடுக்கட்டும்" என்றாள். எல்லோரும் தலையாட்டினோம். சிவசாமி நல்ல மலாயில் ஒரு பக்கம் லெட்டர் டைப் செய்தார். மெயின் ரோட்டுப் பைப்பை லயத்துக்கு இழுத்துத் தர வேண்டும், நோயாளி இருக்கிறார். தமிழ்க் குடும்பங்கள் பதினான்கும் கையெழுத்துப் போட்டோம். விக்னேஸ்வரி முதலில் போட்டாள்.

பிறகு வேலை நடந்தது. நாற்பத்தொரு வீட்டுக் குழாயிலிருந்தும் துணிகளை அவிழ்த்தோம். டிரம்களைக் கழுவி, பழைய கோழிக்கூண்டுக்குப் பின்னால் அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடினோம். கோயில் மேட்டுக்குப் பின்னால் ஓர் ஊற்று இருக்கிறது. சொட்டுச் சொட்டாகத்தான் வரும், ஒரு டிரம் நிறைய ஒரு நாள் ஆகும். வாரத்தில் இரண்டு முறை ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தகர டின் தண்ணீர் என்று முறை வைத்து எடுப்போம். ஒரு வாரத்துக்கு அந்த முறையை எல்லோரும் விட்டுக்கொடுத்தார்கள். நேப்பாளிகள் மோட்டார் சைக்கிளில் கட்டிச் சுமந்தார்கள். ஓடைத் தண்ணீரை அடைத்துவிட்டு, லயத்துக் குழாய்களுக்குத் தண்ணீர் விடும் கறுப்புத் தொட்டியைக் கழுவி, ஊற்றுத் தண்ணீரை அதில் ரொப்பினோம். அரைநாள் தாங்கும். விக்னேஸ்வரி தன் முறையையும் கொடுத்துவிட்டாள். அந்த வாரம் அமிர்தலிங்கத்துக்கு முழுக்க மண் தண்ணீரைத்தான் கொதிக்க வைத்தாள்.

அவனை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. வீட்டில் மருந்துப் பெட்டிகள் கூரை முட்ட அடுக்கியிருக்கும், நோயாளி வேறு. வருகிறவர்களுக்கு ஒரு மாதிரியாக இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். யாரோ என்ன, நான்தான் சொன்னேன். பெட்டிகளை என் மருந்தறைக்கு மாற்றினோம். அவனையும் அங்கே கொண்டுவந்து நாற்காலியில் உட்கார வைத்தேன்.

"ஏன்லா, என்னையே ஒளிச்சு வெக்கிறீங்க? நான் என்ன சம்சுச் சாராய பாட்டிலா?" என்று கேட்டான்.

"ஒரு மணி நேரம் சும்மா இருலா. எல்லாம் ஒனக்காகத்தான்" என்றேன்.

வந்தவர்கள் ஆறு பேர். அதில் சசிரேகா என்ற தமிழ்ப் பெண் ஒருத்தி. கிள்ளான் டவுன்காரி, முப்பது வயது இருக்கும். போராங் அவள் கையில்தான் இருந்தது. நல்ல பெண். இதை இப்போதும் சொல்கிறேன். லயத்தைப் பார்த்து அவள் கண் விரிந்தது. விக்னேஸ்வரி வீட்டுக் குழாயைத் திறந்தாள். தண்ணீர் கண்ணாடிபோல் வந்தது. கண்ணாடிக் கிளாசில் பிடித்து விக்னேஸ்வரியே நீட்டினாள். சசிரேகா முழுவதும் குடித்தாள். "ஐஸ் தண்ணி மாதிரி இருக்குக்கா!" என்றாள். கூட வந்தவர் படம் எடுத்தார். பச்சைச் சேலை, வாயெல்லாம் சிரிப்பு, கையில் கிளாஸ்.

"தண்ணிக்கு ஏதாவது கஷ்டம் இருக்காக்கா? சொல்லுங்க" என்று அவள் கேட்டதை நான் வாசலில் நின்று கேட்டேன்.

"ஒரு கொறையும் இல்லீங்க மேடம்" என்றாள் விக்னேஸ்வரி.

எங்கள் பக்கத்தில் முதல் தடவை கேட்டால் அப்படித்தான் சொல்வார்கள். சாப்பிட்டாயா என்றால் பசித்திருப்பவனும் சாப்பிட்டேன் என்பான். இரண்டாவது தடவை, உட்கார்ந்து, டீ கையில் வந்த பிறகு கேட்டால்தான் உள்ளதைச் சொல்வது. அதுதான் மரியாதை. விக்னேஸ்வரி இரண்டாவது தடவைக்காகக் காத்திருந்தாள். முறுக்கு, வடை, டீ எல்லாம் கோயில் மண்டபத்தில் தயாராக இருந்தன. சிவசாமியின் சட்டைப் பையில் லெட்டர் இருந்தது.

அப்போது மழை இறங்கியது. ரிங்லெட் ரோட்டில் மண் சரிகிறது, உடனே கிளம்புங்கள் என்று டிரைவருக்குப் போன் வந்தது. ஆறு பேரும் குடையைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். சசிரேகா மட்டும் திரும்பி, "மன்னிச்சுக்குங்கக்கா, இன்னொரு நாள் வந்து டீ குடிக்கிறேன்" என்றாள். இரண்டு வண்டியும் போய்விட்டன. சிவசாமி பையில் கை வைத்தபடியே நின்றார். லெட்டரைப் பிறகு தபாலில் அனுப்பினோம்.

ஊற்றுத் தண்ணீர் சாயங்காலம் தீர்ந்தது. துணிகளை மறுபடி கட்டினோம்.

மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. மரியாதையான பதில். எங்கள் லயத்தில் நேரடி ஆய்வு செய்யப்பட்டதாகவும், குழாய் நீர் உண்டு, தரம் நன்று என்று பதிவாகியிருப்பதாகவும், ஆறாம் இலக்கை எட்டிய இடங்களின் பட்டியலில் எங்கள் பெயர் சேர்ந்துவிட்டதாகவும், பைப் இழுக்கும் வேலை இன்னும் எட்டாத இடங்களுக்கே முதலில் என்றும் எழுதியிருந்தது. அந்தப் போராங்கைப் பார்த்துத்தான் பைப் பட்டியலும் போடுகிறார்கள் என்று எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. சிவசாமி அதை விக்னேஸ்வரிக்குத் தமிழில் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். முடிந்ததும், "அப்ப நாம பாஸாயிட்டோமா கிராணியய்யா?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்டாளா, நிஜமாகவே கேட்டாளா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. சிவசாமி ஆமாம் என்றார். அவள் மலைக்குப் போய்விட்டாள்.

ஜூலை மாதம், அன்று என் நம்பரை வாங்கிப் போயிருந்த சசிரேகா எனக்கு வாட்ஸாப்பில் ஒரு வீடியோ அனுப்பினாள். பெரிய மண்டபம், வட்ட வட்டமாக மேசைகள், ஒவ்வொன்றிலும் ஒரு நாட்டின் பெயர்ப் பலகை. நம் நாட்டுப் பலகைக்குப் பின்னால் இருந்தவர் ஆங்கிலத்தில் படித்தார். அவருக்குப் பின்னால் திரையில் விக்னேஸ்வரி, பச்சைச் சேலை, சிரிப்பு, கிளாஸ். 'மலைத்தோட்டத் தொழிலாளியின் வீட்டில்கூட' என்பது எனக்குப் புரிந்தது. 'அக்காவிடம் காட்டுங்கள், பெருமைப்படுவார்' என்று கீழே எழுதியிருந்தாள். எனக்கு வந்த கோபத்துக்குப் போனை ஓடையில் எறிந்திருப்பேன். யார்மேல் கோபம் என்று யோசித்தால் கடைசியில் என்னிடமே வந்து நின்றது. எறியவில்லை. விக்னேஸ்வரியிடம் காட்டவும் இல்லை.

அமிர்தலிங்கத்திடம் காட்டினேன். இரண்டு தடவை பார்த்தான். "பரவால்லலா, எம் பொண்டாட்டி அமெரிக்கா போயிட்டா. பாஸ்போர்ட் கூட இல்லாம" என்றான்.

நவம்பரில் மேலே வெட்டிய மலை ஒரு பக்கமாக இறங்கி ஓடைக்குள் விழுந்தது. ஒன்பது நாள் குழாயில் தண்ணீராக வரவில்லை, சேறாகத்தான் வந்தது. ஊற்றுக்குப் போகிற பாதையும் சரிந்துவிட்டது. விக்னேஸ்வரி மழைத் தண்ணீரைப் பிடித்தாள், நான் மருந்தறையிலிருந்த போத்தல் தண்ணீரைக் கொடுத்தேன். நான்கு நாளில் அது தீர்ந்தது. ஏழாவது நாள் வடித்தெடுத்த பையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். கஞ்சித் தண்ணீர் மாதிரி கலங்கியிருந்தது. இரண்டு பேருமே அதை முன்பு பார்த்திருக்கிறோம். ரோடு திறந்து, அவனைக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசேர்க்க இரண்டு நாள் ஆனது. லோரியில் ஏற்றும்போது என் கையைப் பிடித்து, "சீட்டுக்கட்ட பத்திரமா வைலா" என்றான். பதினோரு நாள் இருந்தான்.

கருமாதி முடிந்த மூன்றாம் நாள் விக்னேஸ்வரி வேலைக்கு வந்துவிட்டாள். யாராவது பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்வாள். சாப்பாடு வைத்தால் சாப்பிடுவாள். சிங்கப்பூரில் லோரி ஓட்டும் மகன் ரூபன் கூப்பிட்டான், போகவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "போகலாம். போகாமலும் இருக்கலாம்" என்றாள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பல நாள் வீட்டுவாசல் வரை போனேன். என்னவென்று கேட்பது? சுத்தமாக இருக்கச் சொன்னதற்கா? உன் புருஷனை நாற்காலியில் ஒளித்து வைத்ததற்கா? எனக்கும் உள்ளே ஏதோ மரத்துப்போயிருந்தது. காய்ச்சல் மாத்திரை கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

ஒரே ஒரு காரியம் செய்தேன். சசிரேகாவுக்கு எல்லாவற்றையும் எழுதினேன். துணி, டிரம், ஊற்று, நாற்காலி, ஒன்றையும் விடவில்லை. கடைசியில், 'அந்தத் தண்ணீரை உனக்குக் குடிக்கக் கொடுத்தது நாங்கள்தான், உன்மேல் தப்பில்லை' என்று எழுதினேன்.

பதில் எழுதாமல் நேரிலேயே வந்தாள். இந்த வருடம் பிப்ரவரியில், ஒரு சனிக்கிழமை, பஸ்ஸில் ரிங்லெட் வந்து, அங்கிருந்து தோட்டத்து வேனில் ஏறி. அவள் வருவதை வேன் டிரைவர் முன்னாலேயே போன் செய்து சொல்லிவிட்டான். நான் லயத்துக்குப் போனபோது என் கண்ணை நம்ப முடியவில்லை. நான்கைந்து வீட்டுக்காரர்கள் குழாய்த் துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். "கட்டுங்கடா அத!" என்று கத்தினேன். இருபத்தொன்பது வருடத்தில் லயத்தில் நான் அப்படிக் கத்தியதில்லை. அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கட்டினார்கள்.

விக்னேஸ்வரி வீட்டுத் துணி அவிழ்க்கப்படவில்லை. வாசல் பெருக்கியிருந்தது, அவ்வளவுதான்.

சசிரேகா உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள். சுவரில் அமிர்தலிங்கத்தின் படத்தைப் பார்த்தாள். விக்னேஸ்வரி டீ கொடுத்தாள். சசிரேகா டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குடிக்காமல், நியூயார்க் கதையைச் சொன்னாள்.

"அங்க ஒவ்வொரு நாட்டுக்கும் அஞ்சு நிமிஷம்தான்க்கா. மொதல்ல நாங்க எவ்வளவு நல்லா செஞ்சிருக்கோம்னு காட்டணும். காட்டலைன்னா ஒங்க கையில குடுத்தா என்ன செய்யப் போறீங்கன்னு பணக்கார நாட்டுக்காரங்க கேப்பாங்க. அதுக்கப்புறம்தான் கேக்கணும். நீங்க புகை விட்டு, காட்ட அழிச்சு முன்னேறிட்டீங்க, எங்கள மட்டும் கட்டுப்படச் சொல்றீங்க, குடுக்கிறதாச் சொன்னதக் குடுங்கன்னு. ராத்திரி பகலா உக்காந்து எழுதினோம். கேக்கறது கடைசிப் பக்கத்துல இருந்துச்சு. அது வர்றதுக்குள்ள சிவப்பு லைட் எரிஞ்சுடுச்சு. நன்றி, ரொம்ப அழகா செஞ்சிருக்கீங்கன்னு சொல்லிட்டு அடுத்த நாட்டைக் கூப்பிட்டாங்க."

"அப்புறம்?" என்று நான் கேட்டேன்.

"அப்புறம் பேப்பரா அனுப்பினோம் அங்கிள். நீங்க அனுப்பின மாதிரி."

நான் அவளைப் பார்த்தேன். புத்ராஜெயாக் கட்டடமும் கோட்டும் சூட்டும் எல்லாம் போய், அவளும் எங்கள் லயத்தில் ஒருத்தியாக எனக்குத் தெரிந்தாள். துணியை அவிழ்த்து, தொட்டியைக் கழுவி, லெட்டரைப் பையில் வைத்துக்கொண்டு நின்றவர்கள் நாங்கள் மட்டுமில்லை. அது தெரிந்தால் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். ஆறுதலாக இல்லை. எல்லோருமே அப்படித்தான் என்றால் கோபப்படக்கூட ஆள் இல்லை.

அவள் பையிலிருந்து புது போராங் ஒன்றை எடுத்தாள். பழையதில் தவறு என்று இவளே எழுதிக் கொடுத்திருக்கிறாளாம். மேலே உள்ளவர்களுக்குப் பிடிக்கவில்லை. உலகத்துக்கே காட்டிய படத்தைத் திருப்பி எடுப்பதா என்று கேட்டார்களாம். இருந்தாலும் மறுபடி ஆய்வு செய்ய ஒத்துக்கொண்டார்கள். குழாயைத் திறந்தாள், துணி வழியாகச் செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்தது. போத்தலில் பிடித்து மூடி, தேதி எழுதினாள். பிறகு விக்னேஸ்வரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நான் ரெண்டாவது தடவையாக் கேக்கறேன்க்கா. ஒங்களுக்கு என்ன கொறை? நீங்க சொல்றத அப்படியே எழுதறேன்."

விக்னேஸ்வரி கொஞ்ச நேரம் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள், அது அவள் முகத்தில் தெரிந்தது.

"அப்ப ஒண்ணு இருந்துச்சு மேடம். டீ குடிக்கிறப்ப சொல்லலாம்னு வெச்சிருந்தோம்" என்றாள். "இப்ப ஒண்ணும் இல்லீங்க."

சசிரேகாவின் பேனா போராங் மேலேயே நின்றது. நான்தான், "இன்னும் நாப்பது வீடு இருக்கும்மா, எழுது. தண்ணி மோசம்னு எழுது. டிரசர் சொன்னார்னு எழுது" என்றேன். அவள் எழுதினாள்.

விக்னேஸ்வரி எழுந்து அடுப்படிக்குப் போனாள். கேஸ் பற்றும் சத்தம் கேட்டது. சசிரேகா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு இன்னொரு டீ வேண்டாம்க்கா, ஒக்காருங்க" என்றாள்.

"டீக்கு இல்லீங்க" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. "மணி பன்னண்டு."

தண்ணீர் கொதித்தது. அடுப்பை அணைத்து, தட்டால் மூடி, ஆறட்டும் என்று ஓரமாக வைத்தாள். பிறகு வந்து எங்களோடு உட்கார்ந்தாள்.